பிள்ளைகளின் கல்விப் பதிவில் பிழை நேர்ந்தால்: பெற்றோர் அறிய வேண்டிய முறைகள்

பால்வெட்டுத் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் நிறுவையின் அருமை நன்கு தெரியும். விடியுமுன் எழுந்து, பெரட்டில் பெயர் கொடுத்து, நிரையெல்லாம் வெட்டி முடித்து, சேர்த்த பாலை நிறுவைக் கொட்டகைக்குச் சுமந்து வரும் அவர், கிராணியார் எழுதும் எண்ணைத் தம் கண்ணாலேயே பார்த்த பின்னர்தான் அவ்விடத்தை விட்டு அகல்வார். 18 கிலோ என்பது 13 எனப் பதிவாகிவிட்டால், அன்றே சுட்டிக்காட்டித் திருத்திக்கொள்வார். சம்பள நாளன்று சென்று முறையிட்டால், நிறுத்த பாலும் இராது. நினைவும் தெளிவாக இராது என்பதை அனுபவம் அவருக்குக் கற்பித்திருக்கிறது.

அத்தகைய கவனத்தை நம் பிள்ளைகளின் கல்விப் பதிவுகளிலும் நாம் செலுத்துகின்றோமா? கோலசிலாங்கூர் மாவட்டத்தின் ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா ஆகிய வட்டாரங்களிலும், உலு சிலாங்கூரின் பத்தாங் காலி, கெர்லிங், களும்பாங் பக்கங்களிலும் வாழும் நம் மக்களின் பிள்ளைகள் பள்ளியில் பெறும் மதிப்பீடுகள் யாவும் இன்று கணினியில் பதிவாகின்றன. அப்பதிவுகள் ஆண்டுதோறும் சேர்ந்து, பிள்ளையுடன் வகுப்புக்கு வகுப்பும் பள்ளிக்குப் பள்ளியும் செல்கின்றன. அவற்றில் பிழை நேர்வதும் உண்டு. பிழை நேர்ந்தால் யாரை அணுகுவது, எதைத் திருத்தலாம், எதை நீக்கலாம், எதை நீக்க இயலாது என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

பதிவின் மதிப்பு உயர்ந்தது எவ்வாறு?

முன்னாளில் தொடக்கப்பள்ளி மாணவரின் தகுதியைக் காட்டும் அளவுகோலாக ஆறாம் ஆண்டுத் தேர்வு ஒன்றே பெரிதும் கருதப்பட்டது. 1988ஆம் ஆண்டு தொடங்கிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு, 2020இல் கோவிட் பெருந்தொற்றின் காரணமாக நடைபெறவில்லை. 2021இல் முற்றாக அகற்றப்பட்டது. இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவ மாணவர் எழுதி வந்த பி.டி.3 தேர்வும் 2022இல் அகற்றப்பட்டது. ஒருநாள் தேர்வின் இடத்தில், ஆண்டு முழுவதும் ஆசிரியர் வகுப்பறையில் நிகழ்த்தும் மதிப்பீடு முதன்மை பெற்றது.

இம்மாற்றத்தின் வேர் 2011ஆம் ஆண்டிலேயே ஊன்றப்பட்டது. அவ்வாண்டு முதலாம் ஆண்டு மாணவர்களுக்கும், 2012இல் முதலாம் படிவ மாணவர்களுக்கும் பள்ளிசார் மதிப்பீடு அறிமுகப்படுத்தப்பட்டது. இதன் பகுதிகளுள் பெற்றோர் முதலில் அறிய வேண்டியது பி.பி.டி. எனப்படும் வகுப்பறை மதிப்பீடு ஆகும். இதில் ஒவ்வொரு பாடத்திலும் பிள்ளையின் அடைவுநிலை 1 முதல் 6 வரை குறிக்கப்படுகிறது. அடைவுநிலை 1 என்பது பிள்ளை அறிந்திருக்கிறது என்பதையும், 2 அறிந்து புரிந்துகொண்டது என்பதையும், 3 அறிந்து, புரிந்து, செய்துகாட்ட வல்லது என்பதையும் குறிக்கும். அதற்கு மேற்பட்ட நிலைகள், செய்வதை முறையாகவும், மெச்சத்தக்க வகையிலும், பிறருக்கு முன்மாதிரியாகவும் செய்வதைக் காட்டுவன. 3ஆம் நிலையே எட்டப்பட வேண்டிய குறைந்த அளவு எனக் கொள்ளப்படுகிறது.

வேறொரு பகுதி உடற்கல்வி, விளையாட்டு, புறப்பாட நடவடிக்கை ஆகியவற்றின் மதிப்பீடாகும். சாரணர் இயக்கம், தமிழ்மொழிக் கழகம், பந்து விளையாட்டு ஆகியவற்றில் பிள்ளை பெற்ற வருகை, பொறுப்பு, வெற்றி ஆகியன இதில் எண்களாக மாறுகின்றன. இதனை விளையாட்டாகக் கருதிவிடலாகாது. பொதுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதிப் புள்ளிகளில் 90 விழுக்காடு கல்வித் தேர்ச்சிக்கும், 10 விழுக்காடு புறப்பாடத்துக்கும் ஒதுக்கப்பட்டு வந்துள்ளன. ஓர் இடத்துக்குப் பலர் போட்டியிடும்போது, ஒரு புள்ளியின் பின்னத்தில் கூட வாய்ப்பு கைநழுவக்கூடும். கழகச் செயலாளராகப் பணியாற்றிய பிள்ளை சாதாரண உறுப்பினர் எனப் பதிவாகியிருந்தால், அப்பிழையின் விலையை அப்பிள்ளையே செலுத்த நேரிடும்.

பிழை எவ்வாறு நுழைகிறது?

பதிவில் பிழை இருப்பின், அது ஆசிரியரின் தீய எண்ணத்தால் நேர்ந்தது என முடிவு கட்டுவது முறையன்று. பெரும்பாலான பிழைகள் வேலைப் பளுவாலும் கருவியின் இயல்பாலும் நேர்வன. பள்ளிசார் மதிப்பீடு தொடங்கிய காலத்தில், மாணவர் ஒவ்வொருவரின் அடைவையும் இணைய வழிப் பதிவு முறையொன்றில் ஆசிரியர்கள் ஏற்ற வேண்டியிருந்தது. நாடு முழுவதிலுமிருந்து ஒரே வேளையில் ஆசிரியர்கள் நுழைந்தமையால் அம்முறை தடுமாறியது. நள்ளிரவில் கண்விழித்து மதிப்பெண் ஏற்றிய ஆசிரியர்களின் முறையீடு 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நாடளாவிய விவாதமாயிற்று. அதன் விளைவாக, 2014 ஏப்ரல் 1 முதல் மேம்படுத்தப்பட்ட முறை நடைமுறைக்கு வந்து, ஆசிரியர்களின் பதிவுச் சுமை குறைக்கப்பட்டது. உரிய முறையில் எடுத்துரைக்கப்பட்ட குறை செவிமடுக்கப்படும் என்பதற்கும் இது ஒரு சான்றாகும்.

இன்றும் பிழை நுழையும் வாயில்கள் சில உள. அவற்றை நாம் அறிந்திருப்பது நலம்.

முதலாவது, வரிசை மாறுதல். கணினியின் கட்டங்கள் நிறைந்த தாளில் முப்பது மாணவரின் பெயரும் கீழ்மேலாக அமைந்திருக்கும். இடையில் ஒரு மாணவர் புதிதாகச் சேர்ந்தாலோ விலகினாலோ, பெயர் ஒரு வரி நகர்ந்து எண் நகராமல் நின்றுவிடக்கூடும். அப்போது ஒருவரின் அடைவு மற்றவர் பெயரில் விழுகிறது. இத்தகைய பிழை நேர்ந்தால் அது ஒரு பிள்ளையோடு நிற்பதில்லை. அவ்வகுப்பில் பலரையும் பாதிக்கும்.

இரண்டாவது, பெயர் ஒற்றுமை. ஒரே வகுப்பில் ஒரே பெயருடைய இருவர் இருப்பது நம் பள்ளிகளில் புதிதன்று. தந்தையின் பெயரையும் அடையாள எண்ணையும் பாராமல் பதிவு செய்தால் இருவர் பதிவும் இடம் மாறும்.

மூன்றாவது, வராமை. நோய்வாய்ப்பட்டுக் கிடந்த நாளில் நடந்த மதிப்பீட்டுக்கு, பின்னர் பிள்ளை அதனைச் செய்து முடித்திருந்தும், பழைய வெற்றிடமோ சுழியமோ அப்படியே நின்றுவிடுவதுண்டு.

நான்காவது, பள்ளி மாற்றம். இவ்வட்டாரத்தில் பால்மரங்கள் வெட்டப்பட்டு எண்ணெய்ப் பனை நடப்பட்டதையும், தோட்டங்கள் துண்டாடப்பட்டதையும், குடும்பங்கள் இடம்பெயர்ந்ததையும் நாம் அறிவோம். மேரி, நைஜல் கார்டனர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீட்டுக்காக நெடுங்காலம் காத்திருந்தமை நாடறிந்த செய்தி. குடும்பம் பெயரும்போது பிள்ளையும் பள்ளி மாறுகிறது. பழைய பள்ளி பதிவை விடுவித்து, புதிய பள்ளி அதனை ஏற்றுக்கொண்டால்தான் பதிவு முழுமையாகச் சென்று சேரும். இடையில் தடை ஏற்படின், பிள்ளை இங்கு அமர்ந்திருக்க, பதிவு அங்கு கிடக்கும். அல்லது ஒரு பிள்ளைக்கு இரு பதிவுகள் உண்டாகிவிடும்.

பிழை வேறு, கருத்து வேறுபாடு வேறு

திருத்தம் கோரப் புறப்படுமுன், நம் முறையீடு எத்தகையது என்பதை நாமே தெளிந்துகொள்ள வேண்டும். பிள்ளையின் பெயர் தவறாக இருப்பது பிழை. ஆசிரியரின் குறிப்பேட்டில் 4 என்றிருப்பது அறிக்கையில் 1 என வந்திருப்பது பிழை. நடந்த போட்டி பதிவாகாமல் விடுபட்டது பிழை. இவற்றைச் சான்று காட்டி நிறுவலாம். நிறுவினால் திருத்த வேண்டியது பள்ளியின் கடமை.

ஆனால், "என் பிள்ளை நன்றாகப் படிக்கிறது, 3 போதாது, 5 கொடுங்கள்" என்பது பிழைத் திருத்தம் ஆகாது. அடைவுநிலை, பிள்ளையின் பேச்சு, எழுத்து, செய்பணி ஆகியவற்றை ஆசிரியர் தொடர்ந்து கவனித்து, தம் தொழிலறிவைக் கொண்டு செய்யும் தீர்ப்பாகும். இதில் ஐயம் எழுந்தால், அத்தீர்ப்புக்கு ஆதாரமான பயிற்சிப் புத்தகங்களையும் செய்பணிகளையும் காட்டுமாறு பெற்றோர் பணிவுடன் கேட்கலாம். அவற்றைப் பார்த்த பின், பிள்ளை எவ்விடத்தில் தடுமாறுகிறது என்பது விளங்கும். மேலும், அடைவுநிலை கல்லில் செதுக்கிய எழுத்தன்று. ஆண்டின் தொடக்கத்தில் 2இல் நின்ற பிள்ளை, ஆண்டின் முடிவில் 4ஐ எட்டலாம். அது வளர்ச்சி; முந்திய பதிவு தவறாகிவிடாது.

அடைவை வேண்டுமென்றே உயர்த்திக் காட்டுமாறு ஆசிரியரை வற்புறுத்துவது பிள்ளைக்கே தீங்காக முடியும். தொடக்கப்பள்ளியில் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் பின்தங்கியோருக்குக் குறைநீக்கல் வகுப்புகள் நடத்தப்படுகின்றன. தேசிய மொழியை வாசிக்கத் திணறும் பிள்ளையின் பதிவில் உயர்ந்த நிலை காணப்பட்டால், அவ்வுதவி தேவையுள்ள பிள்ளை என்பது எவருக்கும் தெரியாமலே போய்விடும். நன்கு வாசிக்கும் பிள்ளையின் பதிவில் தவறாக 1 என்று விழுந்தால், தேவையற்ற இடத்தில் அப்பிள்ளை அமர்த்தப்படக்கூடும். ஆகவே, நாம் வேண்டுவது உயர்ந்த எண்ணன்று; உண்மையான எண்.

பெற்றோர் செய்ய வேண்டியவை

முதற்கண், பதிவைக் காண வேண்டும். வகுப்பறை மதிப்பீட்டின் அறிக்கை பெற்றோருக்கு ஆண்டின் இடையிலும் முடிவிலும் வழங்கப்பட்டு வருகிறது. கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவதோடு அமையாமல், அதனை நிதானமாகப் படிக்க வேண்டும். படிக்க இயலாத மூத்தோர், வீட்டிலுள்ள இளைஞரையோ அண்டை வீட்டாரையோ துணைக்கு அழைத்துக்கொள்வதில் இழிவு ஏதுமில்லை. கல்வி அமைச்சின் ஐடிமீ எனும் இணையத்தளத்தின் வழியாகவும், பெற்றோர் தம் அடையாள அட்டை எண்ணைக் கொண்டு பதிந்து, தம் பிள்ளையின் விவரங்களைக் காணலாம். பெற்றோரின் அடையாள எண்ணே பள்ளியில் தவறாகப் பதிவாகியிருந்தால், இத்தளம் அவரைப் பெற்றோர் என்று அறியாது. அவ்வாறாயின், முதலில் திருத்தப்பட வேண்டியது அவ்வெண்ணேயாகும்.

இரண்டாவதாக, சான்றுகளைத் திரட்ட வேண்டும். திருத்தப்பட்ட பயிற்சித் தாள்கள், முந்திய அறிக்கை, போட்டிச் சான்றிதழ், கழகப் பொறுப்புக்கான நியமனக் கடிதம், மருத்துவ விடுப்புச் சீட்டு ஆகியவற்றுள் பொருந்துவதை எடுத்து வைக்க வேண்டும். இவற்றையெல்லாம் ஓர் உறையில் இட்டு வைக்கும் பழக்கத்தை நம் குடும்பங்கள் மேற்கொள்ளுதல் நலம். தீபாவளிக்கு வீட்டைத் துப்புரவு செய்கையில் பழைய தாள் என்று எரித்துவிட்டுப் பின்னர் வருந்துவதில் பயனில்லை.

மூன்றாவதாக, பாட ஆசிரியரையோ வகுப்பாசிரியரையோ காண வேண்டும். பிழைகளுட் பல இவ்விடத்திலேயே தீர்ந்துவிடும். காலைப் பெரட்டுக்குச் செல்பவர் பள்ளி நேரத்தில் வர இயலாதெனின், பிள்ளை வழியாகச் சிறு கடிதம் அனுப்பி, பிற்பகலில் நேரம் கேட்கலாம்.

நான்காவதாக, வாய்மொழியாகச் சொல்லியும் திருத்தம் நிகழவில்லையெனின், தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும். அக்கடிதத்தில் ஐந்து செய்திகள் இடம்பெற வேண்டும்: பிள்ளையின் முழுப்பெயரும் பிறப்புச் சான்றிதழ் எண்ணும் வகுப்பும், எந்த அறிக்கையில், எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் பிழை என்பது, இப்போது எவ்வாறு உள்ளது, எவ்வாறு இருக்க வேண்டும் என்பது, அதற்கான சான்றுகளின் நகல்கள், திருத்திய பின் புதிய அச்சுப்படி ஒன்று வழங்குமாறு வேண்டுகோள். கடிதத்தின் நகல் ஒன்றில் பள்ளி அலுவலகத்தின் பெறுகை முத்திரையையும் தேதியையும் பெற்றுக்கொள்ள வேண்டும். மூலச் சான்றுகளை எவரிடமும் விட்டுவரலாகாது. நகலைக் கொடுத்து மூலத்தைக் காட்டினால் போதும்.

ஐந்தாவதாக, பள்ளியிலும் தீர்வு கிட்டாதபோது மாவட்டக் கல்வி அலுவலகத்தை நாடலாம். கோலசிலாங்கூருக்கும் உலு சிலாங்கூருக்கும் தனித்தனியே அவ்வலுவலகங்கள் உள்ளன. அதற்கும் மேல் சிலாங்கூர் மாநிலக் கல்வி இலாகாவும், கல்வி அமைச்சும் உள்ளன. இவற்றுக்கு எழுதும் கடிதம் தேசிய மொழியில் இருத்தல் நலம். எழுதத் தயங்குவோருக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர் துணைபுரியலாம். முதற்படியைத் தாண்டி நேரே மேற்படிக்குத் தாவுவது காலத்தை வீணாக்கும், ஏனெனில் மேலிடம் முதலில் கேட்பது, "பள்ளியில் தெரிவித்தீர்களா?" என்பதையே.

இவையனைத்தையும் அறிக்கை கிடைத்த அந்த வாரத்திலேயே தொடங்குவது சிறப்பு. ஆண்டு முடிந்தால் வகுப்பு மாறும். ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிச் செல்லலாம். பயிற்சித் தாள்களும் கைக்கு எட்டாமல் போகும்.

பெயரில் உள்ள பிழை

நம் மக்களிடையே மிகுதியாகக் காணப்படும் பிழை பெயர்ப் பிழையாகும். தமிழ்ப் பெயரை உரோமன் எழுத்தில் எழுதும்போது, ழகரத்தை ஒருவர் ஓர் எழுத்தாலும் மற்றவர் ஈரெழுத்தாலும் குறிப்பர். 'தி' என்பதைச் சிலர் 'எச்' சேர்த்தும் சிலர் சேர்க்காமலும் எழுதுவர். தாத்தா ஒரு வகையாகச் சொல்ல, எழுத்தர் வேறு வகையாகக் கேட்டு எழுதிய பெயர்கள் நம் தோட்டங்களில் ஏராளம். 'ஏ/எல்', 'ஏ/பி' எனும் குறிகள், அதாவது மகன், மகள் என்பதைக் காட்டும் குறிகள், இடம் மாறியோ விடுபட்டோ போவதும் உண்டு.

இதில் விதி ஒன்றே: பள்ளிப் பதிவு பிறப்புச் சான்றிதழைப் பின்பற்ற வேண்டும். சான்றிதழில் சரியாக இருந்து பள்ளிப் பதிவில் மட்டும் பிழை இருந்தால், சான்றிதழைக் காட்டிப் பள்ளியில் திருத்திக்கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை இருந்தால், பள்ளி அதனை மாற்ற இயலாது. தேசியப் பதிவு இலாகாவுக்குத்தான் செல்ல வேண்டும். 1957ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், பதிவேட்டில் நேர்ந்த பிழைகளைத் திருத்த வழி வகுத்துள்ளது. முதலில் சான்றிதழ், அதன் பின் அடையாள அட்டை, அதன் பின் பள்ளிப் பதிவு என்பதே வரிசை. வரிசை பிறழ்ந்தால் மூன்று ஆவணங்களில் மூன்று பெயர்கள் நிற்கும்.

ஈண்டு ஒரு குறிப்பு. பத்தாங் பெர்ஜூந்தை என வழங்கிய ஊர் 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாற்றம் பெற்றது. பழைய சான்றிதழில் பழைய ஊர்ப்பெயரும் புதிய முகவரியில் புதிய பெயரும் இருப்பது பிழையன்று. அதற்காக எவரும் அலைய வேண்டியதில்லை.

எஸ்.பி.எம். தேர்வு எழுதும் மாணவர்க்குத் தேர்வுக்கு முன்னர் தேர்வுப் பதிவு அறிக்கை வழங்கப்படுகிறது. அதில் பெயர், அடையாள எண், பாடங்கள் யாவும் இருக்கும். அதனைச் சரிபார்க்கும் நேரமே பிழை திருத்தத்துக்கு ஏற்ற நேரம். சான்றிதழ் அச்சான பின் திருத்துவது பன்மடங்கு கடினம். தேர்வு முடிவில் ஐயம் உடையோர், மதிப்பெண்ணை மறுபரிசீலனை செய்யுமாறு குறித்த கெடுவுக்குள் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்கும் வழியும் உண்டு. அக்கெடு முடிவு வெளியான நாளிலிருந்தே எண்ணப்படுவதால், முடிவு பெறும் அன்றே பள்ளியில் விசாரித்தறிதல் வேண்டும்.

நீக்கம் எப்போது இயலும்?

திருத்தம் ஒன்று, நீக்கம் மற்றொன்று. "இந்தப் பதிவே வேண்டாம், அழித்துவிடுங்கள்" எனச் சிலர் கேட்பதுண்டு. அரசாங்கப் பள்ளியின் பதிவு பொது ஆவணத்தின் தன்மையுடையது. 2003ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டத்தின்படி, பொது ஆவணங்களை உரிய ஒப்புதலின்றி எவரும் அழிக்கலாகாது. ஆகவே, உண்மையாக நிகழ்ந்த மதிப்பீட்டை, அது நமக்கு மகிழ்ச்சி தரவில்லை என்பதற்காக அழித்துவிடுமாறு கேட்க இயலாது.

நீக்கத்தைக் கோரத்தக்க இடங்களும் உள. வேறொரு பிள்ளையின் மதிப்பீடு நம் பிள்ளையின் பெயரில் ஏறியிருந்தால், அதனை அகற்றி உரியவரின் பதிவில் சேர்க்குமாறு கேட்கலாம். பள்ளி மாற்றத்தால் இரட்டைப் பதிவு உண்டாகியிருந்தால், ஒன்றை விலக்கி மற்றொன்றை நிலைப்படுத்துமாறு கேட்கலாம். இவற்றினும் பாரதூரமானது ஒழுங்குப் பதிவாகும். மாணவரின் நடத்தை பற்றிய குறிப்புகளும் கணினியில் பதிவாகின்றன. ஒருவர் செய்த குற்றம் பெயர் ஒற்றுமையால் மற்றவர்மீது விழுந்திருந்தால், அதனை ஒருநாளும் தாமதியாமல் தலைமையாசிரியரிடம் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மதிப்பெண்ணில் நேர்ந்த பிழை ஒரு பாடத்தைத் தொடும். நடத்தையில் நேர்ந்த பிழை பிள்ளையின் நற்பெயரையே தொடும்.

நல்ல கணக்குப்பிள்ளை தவறான எண்ணைச் சுரண்டி அழிப்பதில்லை. அதன்மீது ஒரு கோடிட்டு, சரியான எண்ணை அருகில் எழுதி, சுருக்கொப்பமிடுவார். கணினிப் பதிவிலும் யார், எப்போது, எதை மாற்றினார் என்பது விளங்குமாறு திருத்துவதே முறை. எனவே, "யாருக்கும் தெரியாமல் மாற்றிவிடுங்கள்" என்று கேட்பது பள்ளியையும் நம்மையும் ஒருங்கே சங்கடத்தில் ஆழ்த்தும்.

பிள்ளையின் சொந்தச் செய்பணிகள்

2020 ஜூன் மாதத்தில் கல்வி அமைச்சு டெலிமா எனும் கற்றல் தளத்தைத் தொடங்கியது. மாணவர் தம் கட்டுரை, படம், ஒலிப்பதிவு முதலியவற்றை அமைச்சு வழங்கிய கணக்கின் வழியே ஆசிரியருக்கு அனுப்பலாம். இங்கு இருவகைப் பொருள்கள் உள்ளன. பிள்ளை படைத்த செய்பணி பிள்ளையுடையது. தவறான கோப்பை அனுப்பிவிட்டால் அதனை மீட்டுக்கொண்டு சரியானதை மீண்டும் ஒப்படைக்கலாம். ஆசிரியர் வழங்கிய மதிப்பெண் ஆசிரியருடையது. அதனை மாணவர் மாற்றவோ அழிக்கவோ இயலாது. ஆசிரியர்தாம் மாற்ற முடியும்.

பிள்ளையின் சிறந்த செய்பணிகளுக்கு வீட்டிலும் ஒரு படி வைத்திருத்தல் வேண்டும். நாட்டின் முந்திய இணையக் கற்றல் திட்டமாகிய 1பெஸ்தாரிநெட்டின் ஒப்பந்தம் 2019இன் நடுப்பகுதியில் முடிவுற்று, பள்ளிகள் வேறு தளத்துக்கு மாறின. தளங்கள் மாறும், கணக்குகள் மூடப்படும். படி எடுத்து வைத்தவரே நாளை சான்று காட்ட வல்லவர்.

தனியார் நிலையங்களும் சட்டமும்

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. தம்மைப் பற்றிய தரவைக் காணவும், தவறிருப்பின் திருத்தக் கோரவும் இச்சட்டம் உரிமை வழங்குகிறது. கோரிக்கை கிடைத்த 21 நாள்களுக்குள் நிறுவனம் அதனைக் கவனிக்க வேண்டும். ஆயின், இச்சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்துவதன்று. எனவே, அரசாங்கப் பள்ளியில் முன்னர் விளக்கிய நிர்வாக வழியையும், தனியார் கல்லூரி, தனியார் பாலர் பள்ளி, துணைப்பாட நிலையம் ஆகியவற்றில் இச்சட்ட வழியையும் மேற்கொள்ள வேண்டும். எஸ்.பி.எம். முடித்துத் தனியார் கல்லூரியில் சேரும் நம் பிள்ளைகள், தம் மதிப்பீட்டுப் பதிவில் பிழை கண்டால், அச்சட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் திருத்தம் கோரலாம்.

அடையாள எண்ணைக் காப்போம்

பதிவைத் திருத்துவது போன்றே அதனைக் காப்பதும் கடமையாகும். பள்ளித் தேர்வு முடிவுகளைப் பெற்றோர் காண்பதற்காக அமைந்திருந்த சாப்ஸ் எனும் இணையத்தளம், பாதுகாப்புக் குறைபாடு வெளிப்பட்டமையால் 2018 ஜூன் மாதத்தில் தற்காலிகமாக மூடப்பட்டது. பிள்ளையின் அறிக்கையைப் படமெடுத்து, அடையாள எண் தெரியுமாறு கைப்பேசிக் குழுக்களில் பகிர்வது ஆபத்தானது. மகிழ்ச்சியைப் பகிர விரும்புவோர் எண்ணை மறைத்துவிட்டுப் பகிர்வார்களாக. திருத்தித் தருவதாகக் கூறிப் பணம் கேட்போரிடமும் கடவுச்சொல் கேட்போரிடமும் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். வகுப்பறை மதிப்பீட்டில் நேர்ந்த பிழையைத் திருத்த எந்த இடைத்தரகரும் தேவையில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கு இருமுறை, அறிக்கை வழங்கப்படும் வாரத்தில், பள்ளியிலோ தோட்டத்து மண்டபத்திலோ ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்கலாம். படிக்கத் தெரிந்த இளைஞர் இருவர் அமர்ந்து, ஒவ்வொரு குடும்பத்தின் அறிக்கையையும் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிட்டுச் சொன்னால், பெயர்ப் பிழைகளும் எண் பிழைகளும் அன்றைக்கே வெளிப்படும். மாணவர் தொகை குறைந்த நம் தோட்டப் பள்ளிகளில் இது இரண்டு மணி நேரப் பணியே. இவ்வாண்டு அறிக்கை கைக்கு வரும்போது, கையொப்பமிடுமுன் பெயரையும், அடையாள எண்ணையும், ஒவ்வொரு பாடத்தின் நிலையையும் ஒருமுறை விரல் வைத்துப் படித்துப் பார்க்குமாறு நம் தோட்டப் பெற்றோர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.